ஹாலில் எத்தனை இலை போடலாம்?

வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறை, ஒரு கணினி, ஓயாமல் பேசும் ஓர் உதவியாளப் பெண், இவ்வளவுதான் அலுவலகம். வீடு கட்ட நினைப்பவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கணவர் காரை எங்கே நிறுத்துவது என்பதிலேயே குறியாக இருப்பார். மனைவிக்கு அடுப்பு மேடை எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஹாலைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், துணைக்கு வந்த மைத்துனர் உட்பட.

அந்த அறைக்குப் பெயர்களுக்கும் குறைவில்லை. பெரியவர்களுக்கு அது ஹால். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு லிவிங். கொஞ்சம் வசதி கூடினால் அதையே இரண்டாக உடைத்து முன்னால் இருப்பதை ஃபார்மல் லிவிங் என்றும் உள்ளே இருப்பதை ஃபேமிலி லிவிங் என்றும் சொல்வார்கள். வளைகுடாவில் பல காலம் இருந்துவிட்டு மேலப்பாளையம் திரும்பியவர்களில் சிலர் தனி வாசலோடு விருந்தினருக்கென்று ஒரு மஜ்லிஸ் கேட்பதுண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வரவேற்பறை என்றுதான் எழுத வேண்டும் என்று நின்றார், எழுதிக் கொடுத்தேன். சட்டம் இந்தப் பெயர்களைப் பொருட்படுத்துவதில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்புக்கு அது வசிக்கத் தகுந்த ஓர் அறை, அவ்வளவுதான். வீட்டில் அப்படி ஒரே அறைதான் என்றால் பரப்பு 9.5 சதுர மீட்டருக்கும் அகலம் 2.4 மீட்டருக்கும் குறையக் கூடாது. அடிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 102 சதுர அடி. அங்கே சோபா போடுவீர்களா, பாய் விரிப்பீர்களா என்று விதி கேட்பதில்லை. நான் கேட்பேன்.

கேட்கும் பழக்கம் ஆச்சி வீட்டிலிருந்து வந்தது. அந்த வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. அகலம் 14 அடி இருந்தால் அதிகம். நீளமோ பின்தெரு வரைக்கும். படியேறினால் திண்ணை, அதைத் தாண்டினால் மர அழி போட்ட முன்கூடமான தார்சா, பிறகு பெரிய கூடமான பட்டாசாலை, இரண்டாம் கட்டு, அடுக்களை, அங்கணம், புறவாசல். மேலே மச்சு, அதற்கும் மேலே தட்டட்டி என்கிற மொட்டைமாடி. எல்லா வாசல் நிலைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருந்ததால், முன்வாசலில் நின்று பார்த்தாலே கிணற்றடி வெளிச்சம் தெரியும்.

வீட்டுக்கு வருகிறவர் எது வரைக்கும் வரலாம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. வயலில் வேலை செய்தவர்கள் தெருவிலேயே நின்று பேசினார்கள். முடிதிருத்த வருகிறவருக்குத் திண்ணையின் ஓரம். நெல் வியாபாரிக்குத் திண்ணையின் நடுவிடம். தெரிந்தவர் என்றால் தார்சா வரைக்கும் வருவார், அங்கே ஒரு பெஞ்சு கிடக்கும். சம்பந்தம் பேச வந்தவர்களுக்குத்தான் பட்டாசாலை. அங்கே பத்தமடைப் பாய் விரிப்பார்கள். கல்யாணத்துக்கு நெய்து வாங்கிய, பெயர் போட்ட பாய் என்றால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும், யாருக்கும் விரிக்க மாட்டார்கள். ஆச்சியும் சித்திகளும் இரண்டாம் கட்டு நிலைக்குப் பின்னால் நின்று பேச்சைக் கேட்பார்கள். பேச்சில் தவறு வந்தால் நிலைக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் வரும். தாத்தா உடனே பேச்சை மாற்றுவார். அந்த வீட்டின் முக்கியமான முடிவுகள் பல அந்தச் செருமலில் எடுக்கப்பட்டவைதான்.

இப்போது பழைய வீடுகளின் படங்களைப் போட்டுத் திண்ணை போய்விட்டதே என்று உருகுகிறார்கள். வழிப்போக்கர் படுத்துறங்க இடம் தந்த திண்ணை என்பதெல்லாம் உண்மைதான். எந்த வழிப்போக்கர் என்பதையும் அந்தத் திண்ணை பார்த்துத்தான் இடம் தந்தது. திண்ணை மறைந்ததற்கு மனிதர்களின் மனம் சுருங்கிவிட்டது காரணம் என்கிறார்கள்; நான் பார்த்த காரணங்கள் வேறு. தார் மேல் தார் ஊற்றித் தெரு உயர்ந்துகொண்டே போய், மூன்று படி ஏறிய திண்ணை தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். புதிதாகக் கட்டுகிறவர்கள் முன்பக்கம் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். விட்ட இடத்தில் இருசக்கர வண்டி நிற்கிறது. ஆக, தெருவோரத்தில் ஊர் உட்காரும் மேடைக்கு விதியிலும் இடமில்லை, மனையிலும் இடமில்லை.

திண்ணை, தார்சா, பட்டாசாலை, இரண்டாம் கட்டு ஆகிய நான்கும் செய்த வேலையை இன்று ஒரே ஹால் செய்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், மாப்பிள்ளை வீட்டார், மகளின் வகுப்புத் தோழி, வாடகை கேட்க வந்தவர் என எல்லோரும் ஒரே கதவுக்குள் நுழைந்து ஒரே விளக்கின் கீழ் நிற்கிறார்கள். பழைய ஏற்பாட்டைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்: சோபா காலியாகக் கிடக்கும், வந்தவருக்கு மட்டும் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். யாருக்குச் சோபா, யாருக்கு நாற்காலி, யார் நின்றுகொண்டே பேச வேண்டும் என்ற கணக்கு, சுவரே இல்லாமல் அந்த ஒரே அறைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெயர்களால் எனக்கு ஒருமுறை வேடிக்கையான குழப்பம் வந்தது. காரைக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், பிறந்த ஊரான நெல்லையில் வீடு கட்ட வந்திருந்தார். நடுவில் சின்னதாக ஒரு வளவு வேண்டும் என்றார். எங்கள் ஊரில் வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல குடித்தனங்கள் இருக்கும் இடம்; குழாய்ச் சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கும். வாடகைக்கு விடப்போகிறார் என்று நினைத்து எத்தனை வீடு என்று கேட்டேன். அவர் சொன்னதோ செட்டிநாட்டு வளவு: முகப்பையும் பட்டாலையையும் தாண்டி உள்ளே போனால் வரும் முற்றமும், அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரமும், கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒதுக்கிய அறைகளும். அவருடைய மனை மூன்று சென்ட். சமையலறைக்குப் பக்கத்தில் ஆறுக்கு ஆறு அடியில் வானம் தெரிய ஓர் இடம் விட்டு, மேலே கம்பி போட்டு முடித்தோம். அதை அவர் வளவு என்றே அழைக்கிறார். கொத்தனார் கிணறு என்கிறார்.

முன்னறையின் அளவைப் பற்றித் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த குறிப்பு திருக்கோவலூர்க் கதையில் இருக்கிறது. மழை இரவு. ஒரு வீட்டின் வாசல் நடையான இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார்: ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம். பிறகு பேயாழ்வார் வருகிறார்: மூவர் நிற்கலாம். நான்காவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வந்து நெருக்கினார் என்பது பக்தி. முதல் மூன்று வரிகள் எனக்குத் தொழில். நீளம் ஆறு அடிக்குச் சற்று மேலே, அகலம் இரண்டரை அடிக்குள் என்று அந்த வரிகளை வைத்தே கோடு போட்டுவிடலாம். சதுர அடியைச் சொல்லாமல், அங்கே மனிதர்கள் என்ன செய்ய முடியும் என்பதால் இடத்தை அளந்திருக்கிறார்கள். 16-க்கு 12 ஹால் போதுமா என்று கேட்கிறவர்களிடம் நானும் இப்படித்தான் திருப்பிக் கேட்கிறேன்: "ஒரு பந்திக்கு எத்தனை இலை வேண்டும்?"

சிரிப்பார்கள். இப்போதெல்லாம் எல்லாம் மண்டபத்தில்தானே என்பார்கள். கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது, சரி. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பெயர் வைப்பது, பதினாறாம் நாள், திவசம் எல்லாம் இன்னும் வீட்டில்தான் நடக்கின்றன. சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு இரண்டு அடி அகலம் வேண்டும். முதுகுச் சுவரிலிருந்து முழங்கால் வரை இரண்டு அடி, இலைக்கு ஒன்றரை அடி, பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நடக்க மூன்று அடி, எதிர்வரிசைக்கு மறுபடி இலையும் ஆளும். மொத்தம் பத்து அடி. ஆக, 12 அடி அகலமுள்ள ஹாலில் எதிரெதிராக இரண்டு வரிசை தாராளமாக விழும். 16 அடி நீளத்தில் வரிசைக்கு எட்டு இலை. ஆனால் படுக்கையறைக் கதவு சுவரின் நடுவில் வந்தால் இரண்டு இலை போயிற்று; பூஜையறையை எதிரே வைத்தால் இன்னும் இரண்டு. கதவுகளை எல்லாம் மூலைக்குத் தள்ளினால் அதே ஹால், அதே செலவு, நான்கு பேர் கூடுதலாகச் சாப்பிடலாம். இதைச் சொன்னதும் அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதன் பிறகு அவரோடுதான் பேச்சு.

சோபாதான் இதற்கெல்லாம் எதிரி. மூன்று பேர் உட்காரும் சோபா ஆறரை அடி நீளம், மூன்று அடி ஆழம். கூடவே இரண்டு ஒற்றை இருக்கைகள், நடுவில் கண்ணாடி டீப்பாய். 12 அடியில் பாதியை அதுவே தின்றுவிடுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கிய சோபாவில் யார் உட்காருகிறார்கள்? சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போனாலும் பாருங்கள்: வீட்டார் தரையில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்திருப்பார்கள். அப்பா வெங்காயம் உரிப்பார், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும். சோபாவின் மேல் கொடியிலிருந்து எடுத்த துணி குவிந்திருக்கும், மடிப்பதற்காகக் காத்துக்கொண்டு. அழைப்பு மணி அடித்ததும் அந்தக் குவியல் மொத்தமும் ஒரே அள்ளில் படுக்கையறைக் கட்டிலுக்குப் போகும். துணி வைக்க ஒரு சின்ன அறை கொடுங்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் கொடுத்திருக்க வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண்கள் முன்னறைக்கு வந்த கதை தனி. சீர்திருத்தம் பேசியவர்கள் அதற்குப் பாடுபட்டார்கள், மறுக்கவில்லை. எங்கள் தெருவில் அதைச் செய்தது தொலைக்காட்சிப் பெட்டி. இலங்கையில் ரூபவாஹினி 1982-இல் தொடங்கியது. தூர்தர்ஷன் எங்கள் பக்கம் ஒழுங்காக எட்டாத காலம் அது. தென்மாவட்டங்களில் உயரமான குழாயை நட்டு ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிவைத்துப் படம் பிடித்தார்கள். காற்றடித்தால் ஒருவர் தட்டட்டியில் நின்று குழாயைத் திருப்ப வேண்டும், "இப்போது தெரிகிறதா?" என்று அவர் கத்த, கீழேயிருந்து எல்லோரும் கத்துவோம். பெட்டியைப் பட்டாசாலையில்தான் வைக்க முடிந்தது, பெரிய சுவர் அங்கேதான் இருந்தது. முதலில் ஆச்சி நிலைக்குப் பின்னால் நின்றபடி எட்டிப் பார்த்தாள். பிறகு நிலைப்படியில் உட்கார்ந்தாள். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கக் கிடைத்தபோது பட்டாசாலையின் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்; தாத்தா ஓரத்தில் இருந்தார். இடம் மாறியதைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பெட்டிதான் ஹாலின் திசையையும் மாற்றியது. பட்டாசாலையில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்காருவார்கள், ஊஞ்சல் போட்ட கூடத்திலும் அப்படித்தான். பெட்டி வந்ததும் எல்லோரும் ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது ஒற்றையறை வீடுகளிலும் அப்படி ஒரு சுவர் உருவானது. இப்போது கைபேசியில் பார்க்கிறார்கள், சுவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அந்தச் சுவருக்குத் தேக்குப் பலகை அடிக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு குளியலறை கட்டிவிடலாம்.

சொல்லத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. வாசலைத் திறந்ததும் ஹால் தெரியக் கூடாது என்று இப்போது நான்கு அடி அகலத்தில் ஒரு நடை வைத்து, அதை ஒடித்துத் திருப்பி உள்ளே கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஃபோயர் என்று பெயர். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீடு என்று கட்டினால் ஒருநாள் அங்கே சாவும் விழும். ஹாலில்தான் கிடத்துவார்கள், தலை தெற்கே இருக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் வரை ஐஸ் பெட்டி வைப்பார்கள். பெட்டி ஏழு அடி நீளம், இரண்டரை அடி அகலம். நான்கு அடி நடையில் செங்குத்தான ஒரு திருப்பம் வைத்தால் ஏழு அடிப் பெட்டி திரும்பாது. எப்படிச் சாய்த்துக் கோடு போட்டுப் பார்த்தாலும் மூலை இடிக்கும். வீடு கட்ட ஆசையோடு வந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? "நாளைக்கு ஃபிரிட்ஜ், பீரோ எல்லாம் உள்ளே போக வேண்டாமா?" என்று கேட்டு நடையை ஐந்தடியாக்கிவிடுவேன். ஹாலின் வடக்குச் சுவரிலோ தெற்குச் சுவரிலோ தரைக்கு ஒரு அடி மேலே ஒரு பிளக் பாயின்டும் வைத்துவிடுவேன், எதற்கு என்று கேட்டால் மேசை விசிறிக்கு என்பேன். பெரியவர்கள் மட்டும் அந்தப் புள்ளியையும் என்னையும் பார்ப்பார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வயதான ஓர் அம்மாள் ஒருமுறை, "பக்கத்தில் ஜன்னல் வேண்டாம், வெயில் விழும்" என்று மட்டும் சொன்னார்.

காயல்பட்டினத்தில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்காகப் போயிருந்தேன். அங்கே பெண்கள் போய்வர வீடுகளுக்கு இடையே முடுக்குகள் என்கிற தனிச் சந்துகள் உண்டு. ஆண்கள் தெருவாசல் வழியே வந்து முன்னறையோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற பெரிய கூடம் முழுக்கப் பெண்களுடையது. கல்யாணமானாலும் மகள் பிறந்த வீட்டிலேயே இருப்பது அங்கே வழக்கம், மாப்பிள்ளைதான் வருகிறார். நான் வேலை பார்த்த அந்த வீட்டில் முன்னறை சின்னது, உள்கூடம் அதைவிடப் பெரியது. எங்கள் ஊர் ஹாலுக்கு நேர்மாறான கணக்கு. அளந்து முடித்து வெளியே வந்த பிறகும் அந்தக் கூடத்தின் வெளிச்சத்தைப் பற்றி என் உதவியாளப் பெண் பஸ் நிலையம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

இன்னொரு மாற்றம் இரவில் நடந்திருக்கிறது. பட்டாசாலையில் வரிசையாகப் பாய் விரித்து எல்லோரும் படுப்போம். சுவரோரம் தாத்தா, கதவோரம் சித்தப்பா, நடுவில் பிள்ளைகள். இன்று குளிர்சாதனம் போட்ட ஒரு படுக்கையறைக்குள் ஐந்து பேர் படுக்கிறார்கள், ஹால் காலியாகக் கிடக்கிறது. சீரியல்களில் வருவதுபோல் ஹாலுக்குள் படிக்கட்டு வைத்து, கூரையை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கச் சொல்கிறவர்களிடம் அதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்: அந்த உயரத்தைக் குளிர்விக்க முடியாது, ஒட்டடை அடிக்க ஏணியும் எட்டாது, மாடியை வாடகைக்கும் விட முடியாது. மூன்றாவது காரணத்தைச் சொன்னதும் பெரும்பாலும் படிக்கட்டு வெளியே போய்விடும்.

இப்போது பெருமாள்புரத்தில் ஒரு வீடு நடக்கிறது. மகனும் மருமகளும் மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். சோபா வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள், எனக்குக் காதில் தேன் வந்து பாய்ந்தது. ஜன்னலை ஒட்டிச் செங்கல்லால் ஒரு திண்ணை, நீளம் ஒன்பது அடி, அகலம் இரண்டு அடி, உயரம் ஒன்றரை அடி, மேலே சிவப்பு சிமென்ட் பூச்சு. சிவப்புத் தரை இழைக்கத் தெரிந்த கொத்தனார் இப்போது அரிது; சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். அவர் கரணையை வைத்துத் தேய்க்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கும் எழ மாட்டார், பூச்சு இறுகிவிடும் என்பார். திண்ணை எழும்பிவிட்டது. அதன் அடிப்பக்கத்தைக் காலியாக விட்டுச் செருப்பு வைக்கலாம் என்கிறார் மருமகள். உட்காருகிற இடத்துக்குக் கீழே செருப்பா என்கிறார் மாமியார். அவருக்கு அங்கே கதவு போட்டு அரிசி மூட்டை வைக்க வேண்டும். மகன் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நேற்றும் தொலைபேசியில் கேட்டேன், முடிவாகவில்லை. பெரியவர் கூலியை நாள்கணக்கில் வாங்குகிறவர், அவருக்கு அவசரமில்லை.